‘பின்னால ஆள் நிக்குது’ எண்ட பொய்

“பின்னால நான் நிக்கிறன் மச்சான், நீ பயப்பிடாமல் இரு.”

வவுனியாவில் தொடங்கி ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று ஏ-9 வீதியால் கிளிநொச்சி வரைக்கும் போனால், ‘ஜிம்’ என்று பலகை தொங்குகிற எந்த இடத்திலும் இந்த வசனத்தைக் கேட்கலாம். சொல்பவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே பின்னால் நிற்பார், கையையும் நீட்டிக்கொண்டுதான் நிற்பார். ஆனாலும் அது பொய். தோளில் 120 கிலோவோடு குந்தியிருக்கிற ஒருவருக்கு முழங்கால் விட்டுப்போனால், அந்த 120 கிலோவும் அவருடைய சொந்த உடம்புப் பாரமும் சேர்ந்து ஒரே நேரத்தில் கீழே வரும். பின்னால் நிற்கிற 65 கிலோ பெடியன் அதைப் பிடிப்பான் என்று யார் சொன்னது? அவனும் சேர்ந்துதான் விழுவான்.

எங்களுக்கு இதில் கோபம் இருக்கிறது. பாரம் தூக்கிற இடத்தில் உயிரைக் காக்க வேண்டியது இரும்பு. அந்த இரும்பைப் போடாமல் மாதக் காசு வாங்குகிற முதலாளிமாரும், அது இல்லாமல் தூக்குவதுதான் ஆம்பிளைத்தனம் என்று பழக்குகிற அண்ணைமாரும், வீடியோவுக்குக் கீழே ‘மாஸ்’ என்று எழுதுகிற நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் இந்தப் பொய்யை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

பவர் றாக் என்பது பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. எங்கட அம்மாமார் குசினியில் வைத்திருக்கிற அதே றாக்கைதான், ஆள் உள்ளுக்குள் நிற்கிற அளவுக்குப் பெரிசு. நாலு தூண். தூண்களில் மேலிருந்து கீழ்வரை ஓட்டை. பார் கொழுவி வைக்க இரண்டு கொளுக்கி. பிறகு, முக்கியமானது, முன்தூணிலிருந்து பின்தூணுக்கு ஓட்டைகளுக்குள்ளால் போகிற இரண்டு தடித்த கம்பி. ‘சேப்டி பார்’, ‘பின்’ என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நாங்கள் தாங்குகம்பி என்போம். பார் கைதவறினாலும், கால் விட்டாலும், மயக்கம் வந்தாலும் பார் அந்தக் கம்பியில் வந்து இருக்கும். கழுத்துக்கு வராது. அவ்வளவுதான் விஷயம். அந்த இரண்டு கம்பி இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் உடுப்புத் தொங்கப்போடுகிற கொடி.

நாங்கள் போய்ப் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் கொடிதான். ஒரு இடத்தில் றாக் இருந்தது, கம்பி இல்லை. “எங்க அண்ணை கம்பி?” என்று கேட்டால், “அது இடைஞ்சல் தம்பி, பெடியள் கழட்டிப்போட்டாங்கள்” என்றார். இன்னொரு இடத்தில் கம்பி இருந்தது, பின்பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாளாக. வேறொரு இடத்தில் தூணில் ஓட்டையே இல்லை. படத்தைப் பார்த்து யாரோ ஒட்டியிருக்கிறார்கள், படத்தில் கம்பி தெரியவில்லைப்போல. எந்த ஜிம் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. சொன்னால் சண்டை அந்த ஒரு ஆளோடு முடிந்துவிடும். எல்லா இடமும் இதுதான்.

இனி நடந்த கதைக்கு வருவோம். 2025 பெப்ரவரி, இந்தியாவின் ராஜஸ்தானில் பிக்கானேர் நகரம். யஷ்திகா ஆச்சார்யா, வயது 17, வலுதூக்கலில் இளையோர் தேசிய மட்டத்தில் தங்கம் எடுத்த பிள்ளை. பயிற்சியில் 270 கிலோ ஸ்குவாட். பின்னால் பயிற்றுவிப்பாளர் நின்றார். பார் சறுக்கிக் கழுத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிள்ளை இல்லை. அதற்கு முதல், 2023 யூலை, இந்தோனேசியாவின் பாலித் தீவு. ஜஸ்டின் விக்கி, வயது 33, மற்றவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற, சமூக வலைத்தளத்தில் பெயர் பெற்ற ஆள். 210 கிலோவோடு இருந்தவர் எழும்ப முடியவில்லை. கழுத்து முறிந்து இறந்துபோனார். அவருக்குப் பின்னாலும் ஒருவர் நின்றார். பார் விழ அவரும் நிலைதடுமாறிப் பின்னால் போனார். இரண்டு வீடியோவும் எங்கட பெடியளின் போனில் சுத்தியது. பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டிலும் ஆள் நின்றது, பார் கழுத்துக்கு வருமுன் அதை மறிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வீடியோவுக்குக் கீழே வந்த கருத்துகளையும் வாசித்தோம். “ஏலாத பாரத்தை ஏன் தூக்கினது?” “போர்ம் பிழை.” “ஈகோ.” செத்த பிள்ளையை நிமிர்த்தி வைத்துக் குற்றப்பத்திரிகை வாசிக்கிற சனம். தேசிய மட்டத்தில் தங்கம் எடுத்த ஒருத்திக்குக் குந்தி எழும்பத் தெரியாது என்று ஓமந்தைச் சந்தியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடிகிறது எங்களால்.

போர்ம் சரியாக இருந்தால் தாங்குகம்பி தேவையில்லை என்பது இந்த ஆட்களின் வாதம். சரி, வன்னியில் கிணற்றுக்கு ஏன் கட்டுக் கட்டுகிறோம்? கவனமாகத் தண்ணி அள்ளினால் போதுமே. கட்டில்லாத தோட்டக் கிணற்றில் பிள்ளை விழுந்தால் “பிள்ளையின்ர நடை பிழை” என்று சொல்வோமா, கிணற்றுக்காரனைப் பிடித்துக் கேட்போமா? இதில் இன்னொன்றும் இருக்கிறது. பார்பெல் பயிற்சியின் முறையே, ஒவ்வொரு தரமும் ஒரு இரண்டரைக் கிலோவாவது கூட்டிக்கொண்டு போவதுதான். கூட்டிக்கொண்டே போனால் ஒரு நாள் எழும்ப ஏலாமல் போகும். அது விபத்து இல்லை. அந்த முறை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கான அடையாளம். கட்டாயம் வரப்போகிற ஒரு நாளுக்கு ஆயத்தம் செய்யாமல் ஆட்களைச் சேர்க்கிறவன் என்ன வியாபாரம் செய்கிறான்?

அமெரிக்காவில் 1990 முதல் 2007 வரை பாரப் பயிற்சியால் காயப்பட்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களைக் கணக்கெடுத்து ஒரு ஆய்வு வந்தது. மொத்தக் காயங்கள் 9 இலட்சத்து 70 ஆயிரம் அளவில். அதில் ஆகக் கூடிய காரணம் என்ன தெரியுமா? நாரி பிடித்தது இல்லை, தசை கிழிந்தது இல்லை. பாரம் ஆளுக்கு மேலே விழுந்தது. 65 வீதத்துக்கும் கூட. எங்கட ஜிம்களில் மணித்தியாலக் கணக்காக நாரியை நேராக வைப்பது பற்றிப் பிரசங்கம் நடக்கும். விழுகிற பாரத்தைப் பற்றி ஒரு சொல் வராது.

இன்னொரு வாதம் ஊர்ப் பெரிசுகளிடமிருந்து வரும். “எங்கட காலத்திலை றாக்கோ கீக்கோ? லொறிக்கு நெல்லு மூட்டை ஏத்தினனாங்கள். ஒருத்தனும் சாகேல்லை.” அப்பு சொல்வது உண்மை. மூட்டை ஏற்றுகிற ஆளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கோ. இரண்டு பேர் பிடித்து முதுகில் வைப்பார்கள். பலகையில் கால் சறுக்கினால் அந்த ஆள் என்ன செய்வார்? தோளைச் சரித்து மூட்டையைப் பக்கவாட்டில் விட்டுவிடுவார். மூட்டை உருண்டு கீழே போகும், நெல்லுச் சிந்தும், ஆள் தப்பிவிடுவார். பாரத்தை விட்டுவிட வழி இருக்கிறவரைக்கும் பாரம் ஆளைக் கொல்லாது. அந்த அறிவு அப்புவிடம் இருந்தது. பார்பெல் அப்படிச் சரியாது. இரண்டு மீற்றருக்கு மேல் நீளமான இரும்பு அது, இரண்டு அந்தத்திலும் தட்டு, நடுவில் உங்கட கழுத்து. பெஞ்சில் படுத்திருந்தால் முதுகுக்குக் கீழே பெஞ்ச், நெஞ்சுக்கு மேலே பார், போக இடமே இல்லை. பளுதூக்கல் வீரர்கள் பாரைப் பின்னால் எறிந்துவிட்டு முன்னால் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு இறப்பர்த் தட்டும், வெறும் மேடையும் இருக்கிறது. எங்கட பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பின்னால் எறிந்தால் அடுத்தவனின் தலையில்தான் விழும்.

வெள்ளைக்காரன் சொகுசுக்குக் கண்டுபிடித்த சாமான் இது என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1920களில் அமெரிக்காவில் மைலோ ஸ்டைன்போர்ன் என்ற ஜேர்மன்காரர் ஸ்குவாட்டுக்குப் பெயர் போனவர். அப்போது றாக் இல்லை. பாரை ஒரு அந்தத்தில் நட்டு நிறுத்தி, அதற்குக் கீழே குந்தி, தோளில் சரித்து ஏற்றிக்கொண்டு எழும்புவார். அப்படி ஏற்றத் தெரிந்தவர்தான் ஸ்குவாட் செய்யலாம், மற்றவன் செய்ய ஏலாது. பிறகு டெனசியில் பொப் பீப்பிள்ஸ் என்று ஒரு கமக்காரர் வந்தார். 1949இல் ஏறக்குறைய 329 கிலோ டெட்லிஃப்ட் தூக்கியவர். தனியே பயிற்சி செய்கிற ஆள், தோட்டத்து வேலை முடித்துவிட்டுத் தூக்குகிற ஆள். அவர் தன் வீட்டிலேயே தனக்காகச் செய்துகொண்டதுதான் உலகத்தின் முதல் பவர் றாக்குகளில் ஒன்று. பின்னால் நிற்க ஆள் இல்லாத ஒரு கமக்காரனின் கண்டுபிடிப்பு. வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் வேறு என்ன இருக்கிறது?

ஆளை நம்பித்தான் ஆகவேண்டும் என்ற இடத்திலும் ஒரு ஆள் போதாது. சர்வதேச வலுதூக்கல் சம்மேளனத்தின் விதிப்படி போட்டி மேடையில் ஆகக் குறைந்தது இரண்டு பேர் நிற்க வேண்டும், ஐந்து பேர் வரை நிற்கலாம். அதுவும் பழகின ஆட்கள். ஓமந்தையில் ஒரு பின்னேரம் ஐந்து பழகின ஆட்களை ஒரே நேரத்தில் கூட்டுங்கோ பார்ப்பம். கரப்பந்தாட்டத்துக்கே ஆறு பேர் சேர மாட்டுது.

எங்கட ஊருக்குப் பாதுகாப்பு என்றால் என்னவென்று தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். இந்த மண்ணில் மிதிவெடி அகற்றுகிற வேலை வருசக்கணக்காக நடக்கிறது. எங்கட அக்காமார் எத்தினையோ பேர் அந்த வேலை செய்து குடும்பம் பார்த்தவர்கள். முகக்கவசம், மார்புக்கவசம், அளந்து அடித்த தடி, ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் இத்தினை மீற்றர் என்ற கணக்கு. அங்கே ஒருவரும் “பின்னால நான் நிக்கிறன், நீ பயப்பிடாமல் காலை வை” என்று சொல்வதில்லை. அந்த அக்காவின் தம்பி பின்னேரம் ஜிம்முக்கு வந்து, தாங்குகம்பியைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு பெஞ்சில் படுக்கிறான்.

சரி, கம்பி இருக்கிறது என்று வைப்போம். அதை எங்கே போடுவது என்பதில்தான் அடுத்த கூத்து. ஸ்குவாட்டுக்குப் போட்ட உயரத்தில் பெஞ்சுக்கும் விட்டுவிடுவார்கள், பார் நெஞ்சை மிதித்துக்கொண்டு நிற்கக் கம்பி முழங்கால் உயரத்தில் சும்மா கிடக்கும். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்குவாட்டுக்கு: வெறும் பாரோடு, நீங்கள் வழமையாக இருக்கிற ஆழத்துக்கு முழுசாக இருங்கோ. அந்த இடத்தில் பார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கோ. கம்பி அதற்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே. ஒழுங்காக இருந்து எழும்பினால் கம்பியில் முட்டக்கூடாது, அதற்கு மேல் கொஞ்சம் தணிந்தாலும் முட்ட வேண்டும். பார் கொழுவுகிற கொளுக்கி நெஞ்சின் நடுப்பகுதி உயரத்தில் இருக்கட்டும். உயர வைத்துவிட்டுக் குதிக்கால் எழும்பி எடுக்கிறவர்கள், களைத்துப்போய்த் திரும்பி வரும்போது அந்த உயரத்துக்கு எட்ட மாட்டார்கள். கன விபத்து இருந்தெழும்பும்போது நடப்பதில்லை, திரும்பக் கொழுவும்போதுதான் நடக்கிறது. எடுத்தால் பின்னால் இரண்டு, மூன்று அடி, அதுக்கு மேல் உலா வேண்டாம். திரும்பி வரும்போது கொளுக்கியைத் தேடாதையுங்கோ, தூணைத் தேடுங்கோ. இரண்டு தூணிலும் பார் முட்டும்வரை முன்னால் நடந்து, முட்டின பிறகு கீழே இறக்கினால் தானாகக் கொளுக்கியில் இருக்கும். எழும்ப ஏலவில்லையா? முன்னால் வளையாமல், பாயாமல், பாரோடேயே கீழே போங்கோ. கம்பியில் பாரை இருத்திவிட்டு முன்பக்கத்தால் வெளியில் வாங்கோ. இதை வெறும் பாரில் பத்துத்தரம் செய்து பழக வேண்டும். தோற்கிறது எப்படி என்று பழகாதவனுக்கு 100 கிலோ கீழே வரும்போது ஞானம் பிறக்காது.

பெஞ்ச் பிரஸ்தான் எங்களுக்கு ஆகப் பயம். 2009 செப்டெம்பரில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் காற்பந்து வீரர் ஸ்டஃபோன் ஜோன்சனுக்கு 125 கிலோ அளவான பார் கையால் நழுவித் தொண்டையில் விழுந்தது. பக்கத்தில் பயிற்றுவிப்பாளர் நின்றவர். பல மணித்தியாலச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு உயிர் தப்பினார். அங்கே ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தது, விளையாட்டு வீரனுக்கு எல்லா வசதியும் இருந்தது. எங்களுக்கு 1990க்கு அடித்து அம்புலன்ஸ் வந்து வவுனியா போய்ச் சேர வேண்டும். தொண்டைக்குழல் நசுங்கின ஆளுக்கு அவ்வளவு நேரம் இருக்காது.

பெஞ்சுக்குக் கம்பி வைக்கிற கணக்கு இதுதான். நெஞ்சை நிமிர்த்தி, தோள்ப்பட்டையைப் பின்னால் இறுக்கிப் படுத்தால் நெஞ்சு உயரும். கம்பி அந்த நெஞ்சு மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஆனால் தொண்டைக்கும் முகத்துக்கும் மேலே இருக்க வேண்டும். பார் அமத்தினால் நெஞ்சைத் தளர்த்தித் தட்டையாகப் படுத்தவுடன் பார் கம்பியில் தங்கும், நீங்கள் கீழால் நழுவி வரலாம். இடைவெளி சில சென்ரிமீற்றர்தான் என்பதால் ஓட்டைகள் நெருக்கமாக இருக்க வேண்டும். பத்து சென்ரிமீற்றருக்கு ஒரு ஓட்டை போட்ட றாக்கில் பெஞ்ச் சரிவராது. ஒன்றில் முட்டும் அல்லது உதவாது. பெரு விரலைப் பாரைச் சுற்றிப் பிடியுங்கோ. விரல் சுற்றாமல் உள்ளங்கையில் சும்மா வைத்துத் தூக்குகிற ஸ்ரைல் ஒன்று ரிக்ரொக்கில் ஓடுகிறது, போட்டி விதியே அதைத் தடை செய்திருக்கிறது. கம்பியில்லாத பெஞ்சில் தனியே படுக்கிற பிடிவாதக்காரர் தட்டுக்குக் கிளிப் போடாமலாவது படுக்கட்டும். சரித்தால் தட்டுக் கழன்று விழும், ஆள் தப்பலாம். றாக்குக்குள் என்றால் கட்டாயம் கிளிப்.

டெட்லிஃப்ட்டுக்கு றாக் தேவையில்லை, நிலத்திலிருந்து எடுக்கிறது, ஏலாவிட்டால் நிலத்தில் விடுகிறது. றாக்குக்குள் நின்று கை மடக்கிப் ‘பைசெப்ஸ்’ அடிக்கிறவர்களைப் பற்றி நாங்கள் எழுதினால் இந்தக் கட்டுரை அச்சில் ஏறாது.

‘ஸ்மித் மெஷின் இருக்குதானே’ என்பவர்களுக்கு ஒரு வரி: தண்டவாளத்தில் ஓடுகிற பாரை மணிக்கட்டைத் திருப்பித்தான் கொழுவ வேண்டும், கை விட்டுப்போன ஆளால் எதைத் திருப்ப முடியும்? அதற்கும் கீழே தடுப்பு இருக்கிறது, எங்கட இடங்களில் அதையும் கழற்றித்தான் வைத்திருக்கிறார்கள்.

இதில் யாருக்கு ஆகக் கூடிய நட்டம் என்று கேட்டால், எங்கட தங்கச்சிமாருக்கு. காலமை இரண்டு மணித்தியாலம் ‘லேடீஸ் ரைம்’ என்று ஒதுக்கியிருக்கிற இடங்களிலும் பார்பெல் பக்கம் அவர்களை விடுவதில்லை. கேட்டால் “பாதுகாப்பு” என்பார்கள். பாதுகாப்பு என்றால் அவர்களின் அகராதியில், பின்னால் ஒரு ஆண் ஒட்டிக்கொண்டு, கக்கத்துக்குக் கீழால் கை கொடுத்துக்கொண்டு நிற்பது. எந்தப் பிள்ளை அதற்கு ஓம் படுவாள்? படவும் ஏன் வேண்டும்? ஓம் படாவிட்டால் இரண்டு கிலோ டம்பெல்லும் ஓடுகிற மெஷினும்தான் கதி. ஒழுங்கான தாங்குகம்பி இருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் பின்னால் நிற்கத் தேவையில்லை. தானே கம்பி உயரத்தை வைப்பாள், தானே எடுப்பாள், ஏலாவிட்டால் தானே விட்டுவிட்டு வருவாள். கழற்றி மூலையில் போட்ட அந்த இரண்டு இரும்புக்கும் ஒரு பிள்ளை உடம்பைப் பலப்படுத்திக்கொள்கிற சுதந்திரத்துக்கும் இவ்வளவு நேரான தொடர்பு இருக்கிறது. பெண்கள் ஜிம்முக்கு வருவதில்லை என்று குறைசொல்கிற முதலாளிமார் முதலில் தாழ்ப்பாளைக் கழற்றி றாக்கில் போடட்டும்.

அடுத்தது, காலை இழந்தவர்கள். வன்னியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பராலிம்பிக்கில் வலுதூக்கல் என்றால் பெஞ்ச் பிரஸ் மட்டும்தான், கால் பாதிக்கப்பட்டவர்களுக்கான போட்டி அது. 1964 தோக்கியோவிலேயே பாரம்தூக்கல் இருந்தது, 2000ஆம் ஆண்டிலிருந்து பெண்களும் தூக்குகிறார்கள். இந்த விளையாட்டு எங்கட மண்ணுக்கென்றே செய்தது போல இருக்கிறது. ஆனால் பார் நெஞ்சில் அமத்தினால் காலை ஊன்றி நெளிந்து வெளியில் வர அவர்களுக்கு ஏலாது. தாங்குகம்பி இல்லாத பெஞ்சில் அவர்களைப் படுக்கவைப்பது குற்றம். ஓமந்தை என்றால் வெளியூர்ச் சனத்துக்கு இன்னமும் சோதனைச்சாவடிதான் நினைவில் வரும். வரிசையில் நிறுத்தி எங்கட உடம்புகளைத் தடவிப் பார்த்த இடம். அந்த உடம்புகளைத் திரும்ப எங்கட கையில் எடுக்கிற இடங்களாக ஜிம்கள் இருக்கலாம் என்று நாங்கள் நம்புகிறோம், அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

“சாப்பாட்டுக்கே வழியில்லை, பவர் றாக்காம்” என்று ஒரு குரல் கட்டாயம் வரும். 2022க்குப் பிறகு சாமான் விலை என்ன என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அதே ஜிம் மேசையில் புரோட்டீன் பவுடர் டப்பா அடுக்கி விற்கிறீர்கள், சுவர் முழுக்கக் கண்ணாடி, சீலிங்கில் நீல லைற். ஒரு டப்பா பவுடரை விட இரண்டு இரும்புக் கம்பி பெரிய செலவா?

செலவைக் குறைக்கிறோம் என்று கண்ட கம்பியைப் போடவும் கூடாது. 100 கிலோ பார் 30 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழுந்து, தாங்குகம்பியில் பட்டு ஒரு சென்ரிமீற்றருக்குள் நிற்கிறது என்று வையுங்கோ. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: அந்தக் கணத்தில் கம்பிகள் தாங்குகிற சராசரி விசை 3 தொன் பாரத்துக்குச் சமன். கொங்கிறீற்றுக்குப் போடுகிற 12 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பி வளைந்துவிடும், இரண்டு பொட்டு வெல்டிங் அடித்த கொளுக்கி பிய்ந்துவிடும். அந்த றாக் இல்லாததை விட மோசம், ஏனென்றால் அதை நம்பி ஆள் உள்ளே போவான்.

கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ ஒரு அண்ணை “கழகத்துக்கு என்ன வேணும்?” என்று கேட்டால் இனி ‘ஜிம் சாமான்’ என்று பொதுவாகச் சொல்லாதையுங்கோ. சொன்னால் ஒரு ட்ரெட்மில்லும், ரிப்பன் வெட்டுகிற போட்டோவும்தான் மிஞ்சும், மூன்றாம் மாதம் மோட்டர் எரிந்துவிடும். அளவோடு கேளுங்கோ. தூண் 75 மில்லிமீற்றருக்கு 75 பொக்ஸ் பார், சுவர் 3 மில்லிமீற்றர் தடிப்பு. ஓட்டைக்கு ஓட்டை 5 சென்ரிமீற்றர், இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில். மட்டம் பிசகினால் பார் சரிந்து நிற்கும். தாங்குகம்பி 25 மில்லிமீற்றருக்குக் குறையாத திட உருக்குத் தண்டு, முன்தூணையும் பின்தூணையும் தாண்டி வெளியில் ஒரு சாண் நீண்டிருக்க வேண்டும், தற்செயலாகக் கழன்று வராமல் அந்தத்தில் ஒரு பூட்டு. கொளுக்கியும் இதேமாதிரி ஓட்டைக்குள் போய் இருப்பதாக வேண்டும், ஒட்டினது வேண்டாம். அடியில் நாலு தகடு, நாலையும் கொங்கிறீற்று நிலத்தில் போல்ட் அடித்து இறுக்க வேண்டும். வவுனியாவில் பஸ் பொடி அடிக்கிற வெல்டிங் கராஜ்காரர்களுக்கு இது சின்ன வேலை. செய்து முடிந்தால் முதல் நாள் ஆள் உள்ளே போகாமல், பாரில் 100 கிலோ ஏற்றி இடுப்பு உயரத்திலிருந்து இரண்டு பேர் கம்பியில் விட்டுப் பாருங்கோ. மூன்று தரம். வளைந்தால் திருப்பிக் கராஜுக்கு அனுப்புங்கோ, காசைப் பிடித்து வையுங்கோ.